வில்லை நம்பி இறங்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டைப் பக்கம் ஊர். வயது 24. நாலு வருடமாக ஒரு வில்லிசைக் குழுவில் பின்பாட்டுப் பாடுகிறேன். சொந்தமாகப் பாட்டும் எழுதுவேன். தனிக்குழு தொடங்கி, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, வேறு வேலைக்குப் போகாமல் இதிலேயே ஓட்ட முடியுமா? எதெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

பதில்:

ஓட்டலாம் தம்பி. ஆனால் மாதச் சம்பளம் போல வராது. நெல்லைச் சீமையில் வில்லுக்குச் சோறு போடுவது கொடை, அதாவது அம்மன், சுடலைமாடன் போன்ற ஊர்ச்சாமி கோயில்களின் விழா. மாசிக் கடைசியில் தொடங்கி வைகாசி வரை ஒரு ஓட்டம், ஆடி ஆவணியில் இன்னொரு ஓட்டம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வில்லுக்கு உறைதான். போதாக்குறைக்குக் கொடை அநேகமாகச் செவ்வாயையோ வெள்ளியையோ ஒட்டித்தான் வரும். ஒரே வெள்ளிக்கு நாலு ஊரில் கூப்பிடுவார்கள், அடுத்த புதனுக்கு நாதி இருக்காது. சித்திரையில் வருகிற பணத்தை ஐப்பசி வரை நீட்டத் தெரிந்தவனுக்குத்தான் இது பிழைப்பு. நல்ல குரலோடு இருந்தும் கலைந்துபோன குழுக்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், பாட்டு அல்ல.

நீங்கள் எழுதுகிறவர் என்பதால் எழுத்திலிருந்தே வருகிறேன். பின்பாட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது அண்ணாவி (குழுவின் தலைமைப் பாடகர்) கதையைப் பாடிக்கொண்டு போவது மட்டும்தான் தெரியும். அவர் ஒரு கண்ணைக் கோயில் நடையில் வைத்திருப்பது தெரியாது. செவ்வாய்க் கொடை என்றால் திங்கள் இரவு குடியழைப்பு (சாமியை அழைப்பது), செவ்வாய் மதியக்கொடை, நள்ளிரவில் சாமக்கொடை, புதன் காலை படைப்பு, பிறகு வாழி பாடி இறங்குவது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். இதில் கதைக்கென்று தனி நேரம் கிடையாது, பூசையின் நேரம்தான் கதையின் நேரம். கதையில் சாமி பிறக்கிற இடமும் வரம் வாங்குகிற இடமும்தான் சாமியாடிக்கு அருள் ஏறும் இடங்கள். அது அலங்காரத் தீபாராதனையோடு வந்து சேர வேண்டும். பூசாரி இன்னும் சாமிக்கு மாக்காப்பு அலங்காரம் சாத்திக்கொண்டிருக்கும்போது நீங்கள் பாட்டுக்குச் சுடலையைக் கைலாயத்து விளக்குச் சுடரிலிருந்து பிறக்கவைத்துவிட்டால், பிறந்த பிள்ளையை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் என்ன செய்வீர்கள்?

அதனால் கதையின் ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று நீளத்தில் எழுதி வையுங்கள்: பத்து நிமிடம், இருபத்தைந்து நிமிடம், முக்கால் மணி. மூன்று தனிப் பாட்டு வேண்டாம். கதை நகர்கிற தரு (தாளத்தோடு பாடுகிற கதைப்பாட்டு) நாலு கண்ணி (பாட்டின் ஒரு துண்டு), அது மாறாத எலும்பு. அதன் மேல் கழற்றி மாட்டக்கூடிய சதை: நாட்டுவளம், அம்மனின் அலங்கார வர்ணனை, தாலாட்டு, கும்மி, இடப்பக்கம் பாடுகிறவரோடு கேலி வசனம். எந்தக் கண்ணியிலிருந்து எந்தக் கண்ணிக்குத் தாவினாலும் கதை அறுபடாமல் இருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு கண்ணியின் முதல் அடியிலும் ஆளின் பெயரோ இடத்தின் பெயரோ வந்துவிட வேண்டும். 'அவள்', 'அங்கே' என்று தொடங்கிய கண்ணி, முந்தையதை விட்டுத் தாவினால் அந்தரத்தில் நிற்கும். நீட்டு, சுருக்கு என்று குழுவுக்குச் சொல்லச் சைகை வேண்டும். வீசுகோலால் (நாணை அடிக்கும் கோல்) வில்லின் மரத்தை இருமுறை தட்டினால் சுருக்கு என்று வைத்துக்கொண்டால் கேட்கிறவர்களுக்குத் தாளமாகத்தான் தெரியும்.

அருள் வந்து சாமி ஆடத் தொடங்கியதும் நையாண்டி மேளம் முன்னுக்கு வந்துவிடும். அப்போது மேளத்தோடு போட்டி போடாதீர்கள். குடம் மட்டும் மெல்லப் பேசட்டும், தொண்டைக்கு ஓய்வு. சாமி தணிந்ததும் விட்ட கண்ணியைத் திரும்பப் பாடாமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அடி எழுதும்போது பின்பாட்டை மறக்காதீர்கள். இத்தனை நாள் அங்கே உட்கார்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: அண்ணாவி பாடிய ஈற்றடியை ஒருமுறை கேட்டே வாங்கிப் பாட வேண்டும். ஆகவே புதுச் செய்தியை முதல் பாதியில் வையுங்கள், ஈற்றில் தெரிந்த சொல் வரட்டும். அடி முடிவு முடிந்தவரை நெடிலில், அதிலும் ஆ, ஏ, ஓ-வில் விழட்டும். குழாய் ஒலிபெருக்கியில் மெய்யில் முடிகிற சொல் வெட்டுப்பட்ட மாதிரி கேட்கும். இழுத்துப் பாடவும் இடம் இருக்காது.

விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு எழுதச் சொல்லித் துறைகள் தருகிற காகிதத்தில், 'நீர்த்தேக்கத் தொட்டிகளை முறையாக மூடிப் பராமரிக்க வேண்டும்' என்று இருக்கும். அதை அப்படியே மெட்டில் திணித்தால் குடம் அடிப்பவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். அதே செய்தி,

தொட்டியில தண்ணிவச்சு மூடாத வீடு
கொட்டுமழ வந்தாலே கொசுவுக்குக் கூடு

என்று வந்தால் நாலு சீர், நாலு தட்டு, எதுகை தானாக விழுகிறது. இரண்டாவது முறைக்குள் முன்வரிசைப் பிள்ளைகள் சேர்ந்து பாடிவிடும். சிந்து, கும்மி, ஒப்பாரி, தாலாட்டு, விருத்தம் ஆகிய ஐந்தும் கைக்கு வந்தால் ஒரு இரவுக்குப் போதும். விருத்தம் தாளம் இல்லாதது. மூச்சு வாங்கவும், உடுக்கைக்காரர் தோலைச் சரிசெய்யவும் அதுதான் சமயம். எங்கே வைப்பது என்பதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள்.

சினிமா மெட்டு போடலாமா என்று கேட்கத்தான் போகிறீர்கள். கொடையில் போடாமல் தப்ப முடியாது, சனம் கேட்கும். ஆனால் அந்தப் பதிவை யூடியூபில் ஏற்றினால் இசை நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். வீடியோவுக்கென்று சொந்த மெட்டில் ஐந்தாறு பாட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சாரம் வாங்கும் முன் ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. மூலச்சாமி யார் என்பதை அவர்களே சொல்வார்கள். துணைச்சாமிகளைத்தான் நீங்கள் கேட்டு, பீடம் இருக்கிற வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இருபத்தொரு பீடத்தில் ஒன்று விட்டுப்போனால் அந்தப் பீடத்தைக் கும்பிடுகிற குடும்பம் நடுராத்திரியில் எழுந்து நிற்கும், அவர்கள் கேட்பது நியாயமும்கூட. அடுத்து, கதையின் எந்தப் பாடம், அதாவது எந்த வடிவம்? முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்துப்பட்டன் மணந்த பொம்மக்கா, திம்மக்காவின் பிறப்பைச் சொல்வதில் ஒவ்வொரு பாடமும் ஒரு வழியில் போகும். அது சாதியைத் தொடுகிற இடம். பொதிகையடியில், முத்துப்பட்டனையும் சாமியாகக் கும்பிடுகிற காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குக் கூடுகிற கூட்டத்தில் இந்தக் கதையை வெறும் கதையாகக் கேட்பவர்கள் குறைவு. பெரியவர்களிடம், 'உங்க ஊரில் எப்படிப் பாடுவாங்க, எதை விட்டுருவாங்க' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் குறைச்சல் இல்லை, அண்ணாவிகள் எல்லாரும் கேட்கிறார்கள்.

பிறகு நேரம். ஒலி மாசு விதிகள் (2000) படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. காவல் நிலைய அனுமதி ஊர்ப்பொறுப்பு என்பதை அச்சாரத் தாளிலேயே எழுதிவிடுங்கள். சாமக்கொடைக்கு மைக் இல்லாமல் பாடவும் தயாராக இருக்க வேண்டும். அதற்குக் குட்டை அடியும் பின்பாட்டு நிறைந்த தருவும் எடுபடும், நீண்ட வசனம் மூன்றாவது வரிசையைத் தாண்டாது.

இனி சாமான். வில் வைரம் பாய்ந்த பனையில். நீளம் குழுவுக்குக் குழு மாறும், பத்தடியை நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் தடித்து நுனிக்குப் போகப்போக மெலிய வேண்டும், இரு பக்கமும் ஒரே அளவாக. ஒரு பக்கம் தடித்திருந்தால் நாண் ஏற்றியதும் வில் கோணும், குடத்தின் மேல் நிற்காமல் சாயும். நாண் முறுக்கிய மாட்டுத்தோல். பனியில் தொய்யும், உச்சி வெயிலில் இறுகும். நிகழ்ச்சி முடிந்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். ஏற்றியபடியே வேனில் போட்டால் நாலு மாதத்தில் மரம் விறைப்பை மறந்துவிடும், சத்தம் செத்துவிடும். மணிகள் ஒற்றைப்படையில், ஏழோ ஒன்பதோ பதினொன்றோ. கம்பியில் கட்டாதீர்கள், மரத்தை அறுக்கும், நூல்கயிறு போதும்.

குடத்துக்கு, மண்பாண்டத்துக்குப் பேர்போன காருகுறிச்சி இருக்கிறது, பிறகென்ன. ஆனால் தண்ணீர்க் குடம் வாங்குவது போல வாங்காதீர்கள். விரல் கணுவால் சுற்றி ஏழெட்டு இடத்தில் தட்டுங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி 'ணங்'கென்று பேச வேண்டும். ஓரிடத்தில் 'டக்'கென்றால் அங்கே மயிரிழை வெடிப்போ வேகாத மண்ணோ இருக்கிறது. கழுத்து குறுகலாகவும் உறுதியாகவும் இருக்கட்டும், வில் கட்டப்படுவது அதில்தான். மூன்று குடம் வாங்கித் தட்டிப் பார்த்து, உங்கள் சுருதிக்கு ஒட்டியதை மேடைக்கும் மற்ற இரண்டை மாற்றுக்கும் வையுங்கள். குடத்தின் வாயில் அடிக்கும் தட்டையான பத்திக்குக் கமுகம்பாளையை அடுக்கித் தைத்தது நல்லது. இன்னொரு கையில், குடத்தின் பக்கத்தைத் தட்ட, ஒரு நாணயம். குடத்தின் அடியில் வைக்கிற வைக்கோல் பிரிமணை நன்றாக இறுகியிருக்க வேண்டும், தளர்ந்த வைக்கோலில் குடம் உட்கார்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் வில் ஆடும்.

உடுக்கைதான் பெரிய தலைவலி. உவரி, திசையன்விளைப் பக்கம் கடல்காற்றில் இரவு பன்னிரண்டுக்கு மேல் தோல் தொய்ந்து 'தொப்' என்று கேட்கும். தீயில் நேராகக் காட்டினால் சவ்வு சுருங்கிக் கிழியும். தேங்காய் மட்டைக் கங்குக்கு ஒரு அடி மேலே பிடித்து, உள்ளங்கை பொறுக்கிற சூட்டில் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். மாற்று உடுக்கை ஒன்று துணியில் சுற்றிக் கூடவே இருக்கட்டும்.

மைக் விஷயத்தில் ஒன்றே ஒன்று: குடத்துக்கு வைக்கிற மைக்கை வாய்க்கு நேரே வைக்கச் சொல்லாதீர்கள். பத்தி அடிக்கிற காற்று 'பம்பம்' என்று இடிக்கும். ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வைத்தால் மணியும் சேர்ந்தே கேட்கும். ஒலிபெருக்கி உங்களுக்குப் பின்னால் இருந்தால் ராத்திரி முழுக்கக் கூவல்தான். வில் கோயில் நடையைப் பார்த்து உட்காரும் என்பதே தெரியாத மைக்செட் பையன்கள் இப்போது அதிகம்.

பிள்ளைகள் வகுப்பு. இதை இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள், கொடை இல்லாத மாதத்தில் அடுப்பு எரிவது இதனால். காலமும் பொருந்தி வருகிறது. பங்குனி, சித்திரையில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, உங்களுக்குக் கொடை. ஜூனில் பள்ளி திறந்து மார்கழி வரை வகுப்பு. ஆடி, ஆவணிக் கொடைக்குத் தோதாகச் சனி, ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக் கொடை சனிக்கிழமை காலைப் படைப்பு வரை நீளும், அந்த வாரங்களில் ஞாயிறு மட்டும் என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டால் பெற்றோர் கோபிக்க மாட்டார்கள். ஒரு அணிக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். வில் ஒன்றுதான், காத்திருக்கிற பிள்ளை சேட்டை பண்ணும். ஒன்றேகால் மணி நேரம் தாங்கும்.

முதல் இரண்டு வாரம் வில்லைக் காட்டவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. பிள்ளை வந்ததே அந்த மணிச் சத்தத்துக்காகத்தான். முதல் நாளே ஆளுக்குப் பத்து அடி அடிக்க விடுங்கள், பிறகு எடுத்து வைத்துவிட்டுக் கைத்தட்டுக்குப் போங்கள். எட்டு எண்ணிக்கையில் தட்டிக்கொண்டே பெயர் சொல்வது, ஊர் சொல்வது, பிறகு 'ஆமா' போடுவது. ஆமா போடுவது சின்ன வேலை இல்லை. கதையைக் காதில் வாங்கி, சரியான இடத்தில், சரியான தொனியில் விழ வேண்டும். ஆச்சரியத்துக்கு ஒரு ஆமா, துக்கத்துக்கு ஒரு ஆமா. இதை நன்றாகப் போடுகிற பிள்ளைதான் பின்னால் நல்ல அண்ணாவியாகும்.

மூன்றாம் வாரத்திலிருந்து வீசுகோல். பிள்ளைகள் தோளிலிருந்து அடிப்பார்கள், கோல் நாணைத் தப்பி மரத்தில் விழும். முழங்கையைத் தொடையில் வைத்து மணிக்கட்டால் மட்டும் அடிக்கப் பழக்குங்கள். அடித்ததும் கோலை எடுத்துவிட வேண்டும், நாணில் அழுத்தி வைத்தால் மணி பேசாது. பத்தடி வில் அவர்களுக்கு ஆகாது, ஐந்தடி போதும். குரலை உங்கள் கட்டைக்கு (சுருதி அளவுக்கு) இழுக்காதீர்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை என்றால் பிள்ளைகளுக்கு ஐந்து கட்டையை ஒட்டித்தான் இயல்பாக வரும். தாழ்ந்த சுருதியில் பாடவைத்தால் முனகும், சத்தம் வரவில்லை என்று நாம் அதட்டினால் தொண்டையைக் கிழிக்கும். பையன்களுக்குப் பன்னிரண்டு பதினாலு வயதில் குரல் உடையும். அந்த வருடம் அவனைக் குடத்துக்கோ உடுக்கைக்கோ மாற்றுங்கள், பாட்டை விட்டு அனுப்பிவிடாதீர்கள்.

பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கூப்பிடும் ஆசிரியர்கள் எட்டு நிமிடம் என்பார்கள். அதில் வணக்கத்துக்கு ஒன்று, கதைக்கு ஐந்தரை, வாழிக்கு அரை, ஏறி இறங்க ஒன்று. கொலை, பலி வருகிற கொடைக் கதைகளை அங்கே கொண்டுபோக வேண்டாம். தாமிரபரணி, பனைமரம், ஊர்க்குளம் என்று புதிதாக எழுதிக் கொடுங்கள். பாட்டின் படியைக் கொடுக்கும்போது உங்கள் பெயரும் தேதியும் அடியில் இருக்கட்டும். அடுத்த வருடம் அதே பாட்டு வேறு பள்ளியில் பெயரில்லாமல் ஒலிக்கும்போது காட்ட ஒரு தாளாவது வேண்டும்.

கோயிலை விட்டு வெளியே வில்லுக்கு இடம் உண்டா என்ற சந்தேகம் தேவையில்லை. நெல்லைச் சீமையின் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனோடு சென்னைக்குப் போய், சமூகக் கதைகளை எழுதி வில்லில் பாடியே வாழ்ந்தவர். 2021-இல் பத்மஸ்ரீ வந்தது, 2022-இல் மறைந்தார். அந்த மேடைக்கு வேறு எழுத்து வேண்டும். முக்கால் மணியில் கதை முடிந்தாக வேண்டும், சாமியாட்டம் வந்து காப்பாற்றாது, சிரிப்புத்தான் காப்பாற்றும்.

பயணத்துக்கு வருவோம். உள்ளூர்க் கொடைக்கு வேன் இல்லாமல் முடியாது. வில்லை மேலே கட்டும்போது இரண்டு இடத்தில் டயர் டியூப் கொடுத்துக் கட்டுங்கள், கயிறு மட்டும் என்றால் மரம் தேயும். குடம் சாக்குக்குள் வைக்கோல் திணித்து, ஆள் மடியில். கடைசி பஸ்ஸை நம்பித் திசையன்விளை, ராதாபுரம் பக்கம் நிகழ்ச்சி ஒத்துக்கொள்ளாதீர்கள், இறங்குவது எப்போது என்று உங்களுக்கே தெரியாது. திரும்பும்போது ஓட்டுநர் தூங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் பாடும்போது அவரும் விழித்துக் கேட்டுக்கொண்டிருந்தால், விடிந்தபின் இரண்டு மணி நேரம் படுக்கவிட்டுக் கிளம்புவதுதான் சரி.

சென்னையிலும் மும்பை தாராவியிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் கொடைக்குக் கூப்பிடுவார்கள். மும்பைக்கு நாகர்கோவில் ரயிலில் ஒன்றரை நாள். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், அதற்குள் போக்குவரத்துப் பணம் கையில் வந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் கொண்டுபோகிற சாமானுக்கு ஒரு மீட்டர் நீளம்தான் கணக்கு, பத்தடி வில் பார்சல் வேனுக்குத்தான் போகும். அங்கே அதன் மேல் இரும்புப் பெட்டி ஏறும். அடிக்கடி போவதாக இருந்தால் மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற வில் ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள். இணைப்பு நடுவில் வரக்கூடாது. குடத்தின் மேல் பாரம் முழுவதும் விழுவது அங்கேதான், பூண் தளர்ந்து ஆடும்.

தொண்டைக்கு: வேனில் பேச்சைக் குறையுங்கள். நிகழ்ச்சிக்கு முன் புரோட்டா சால்னாவை வயிறு முட்ட அடித்தால் மூச்சு பாதியில் நிற்கும். இட்லி போதும், நடுவில் சுக்குக்காப்பி. யாரோ அன்போடு நீட்டுகிற குளிர்ந்த கலரை மட்டும் வாங்கி ஓரமாக வையுங்கள்.

பணத்தைப் பங்காகப் பிரியுங்கள், தினக்கூலியாக வேண்டாம். பேசிய தொகையில் வேன் வாடகையும் சாமான் செலவுக்கு இருபதில் ஒரு பங்கும் முதலில் கழியட்டும். மீதியை, ஆறு பேர் குழு என்றால், எட்டுப் பங்காக்குங்கள்: அண்ணாவிக்கு இரண்டு, உடுக்கைக்கும் குடத்துக்கும் ஒன்றரை ஒன்றரை, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று. பாட்டு எழுதியதற்குத் தனிப் பங்கு கேட்டு முதல் வருடமே சண்டையை இழுக்காதீர்கள், அண்ணாவியின் இரண்டில் அது இருக்கிறது. ரசிகர்கள் மேடையில் தரும் அன்பளிப்பு ஒரே துண்டில் விழுந்து அன்றைக்கே சமமாகப் பிரியட்டும். அவர்கள் பெயரை வாசிக்கிற வேலையைப் பின்பாட்டுக்காரருக்குக் கொடுத்து, தருவுக்கும் வசனத்துக்கும் இடையில் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். ஊர்ப்பணம் தலைக்கட்டு வரியிலிருந்து (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பது) வருகிறது. வரி முழுவதும் பிரியாமல் கொடை நடந்தால் பாக்கி உங்கள் தலையில்தான் விடியும். அச்சாரம் போக மீதியைச் சாமக்கொடைக்கு முன் வாங்கிவிடுங்கள், படைப்பு முடிந்தபின் தர்மகர்த்தாவைத் தேட வேண்டியிருக்கும்.

காகித வேலை மூன்று. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் குழுவில் எல்லாரையும் பதியுங்கள், அடையாள அட்டை பல இடத்தில் கேட்பார்கள். திருநெல்வேலி வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்கு எழுதிப் போடுங்கள். பி கிரேடு கிடைத்தாலே பள்ளிகளும் துறைகளும் பார்க்கிற பார்வை மாறும். மாவட்டக் கலை விருதில் 19 முதல் 35 வயது வரைக்கும் கலை வளர்மணி இருக்கிறது, உங்களுக்கு இன்னும் பதினோரு வருடம் அவகாசம். நிகழ்ச்சி அழைப்பிதழ், நோட்டீஸ், படம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு கோப்பில் சேர்க்க இன்றைக்கே தொடங்குங்கள்.

இப்போது இருக்கும் குழுவை விட்டு உடனே இறங்க வேண்டாம். இந்த வருடக் கொடைகளில் அண்ணாவி எந்த இடத்தில் நீட்டினார், எங்கே சுருக்கினார், அப்போது நடையில் என்ன நடந்தது என்று மூன்று நெடுவரிசையாக ஒரு நோட்டில் குறியுங்கள். வகுப்பை மட்டும் ஜூனில் ஐந்து பிள்ளைகளோடு தொடங்கலாம். தனிக்குழுவுக்கு அடுத்த ஆடியில் இரண்டே இரண்டு சின்னக் கோயில் பிடியுங்கள், ஒன்று முத்தாரம்மன், ஒன்று சுடலை. இரண்டு கதையும் மூன்று நீளத்திலும் மனப்பாடம் ஆகாமல் மூன்றாவது ஊருக்கு வெற்றிலை பாக்கு வாங்காதீர்கள்.